எஞ்சின் அளவும் காப்பீட்டுக் கட்டணமும்

சிறிய கார் வாங்கப் புறப்படும் நடுத்தரக் குடும்பம் விலை, மைலேஜ், மாதத் தவணை ஆகிய மூன்றையும் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்த்துவிடுகிறது. கார் இருக்கும் வரை ஆண்டுதோறும் வரப்போகும் காப்பீட்டுக் கட்டணத்தை மட்டும் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. விற்பனை நிலையம் தரும் விலைப் பட்டியலில் அது ஒற்றை வரி. அந்த ஒற்றை வரிக்குள் அரசு நிர்ணயிக்கும் தொகை ஒன்று, காப்பீட்டு நிறுவனம் நிர்ணயிக்கும் தொகை ஒன்று, கூடுதல் பாதுகாப்புகளுக்கான தொகைகள் சில, இவை அனைத்தின் மீதும் 18 சதவீத ஜி.எஸ்.டி. எனப் பலவும் கலந்து கிடக்கின்றன. ஒரே காரை இரண்டு வகை எஞ்சின்களில் விற்கும்போது, எந்த எஞ்சினைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது முதல் இரண்டு தொகைகளையும் மாற்றுகிறது. ஆனால், இரண்டையும் ஒரே திசையில் மாற்றுவதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146-ஆவது பிரிவின்படி, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வாகனத்தையும் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. நம் காரால் பிறருக்கு ஏற்படும் மரணம், காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கான இழப்பீடு இது. இதன் கட்டணத்தை நிறுவனங்கள் தம் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ முடியாது. அரசு அறிவிக்கும் கட்டணம்தான் எல்லா நிறுவனங்களுக்கும். 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, 1,000 சி.சி. வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094, 1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ.3,416, 1,500 சி.சி.க்கு மேல் ரூ.7,897. புதிய கார் வாங்குவோர் மூன்று ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே செலுத்த வேண்டும். அது முறையே ரூ.6,521, ரூ.10,640, ரூ.24,596. இக்கட்டுரையில் வரும் கணக்குகள் இந்த அட்டவணையை ஒட்டியவை.

இதை ஒரு காரில் பொருத்திப் பார்ப்போம். மாருதியின் வேகன் ஆர் 998 சி.சி. எஞ்சினிலும் கிடைக்கிறது, 1,197 சி.சி. எஞ்சினிலும் கிடைக்கிறது. உடல் ஒன்று, இருக்கை ஒன்று, சாலையில் பிடிக்கும் இடமும் ஒன்று. ஆனால், 998 சி.சி. கார் முதல் படிநிலையிலும், 1,197 சி.சி. கார் இரண்டாம் படிநிலையிலும் வருகின்றன. மூன்று ஆண்டுகளுக்கான வித்தியாசம் ரூ.4,119. வரியையும் சேர்த்தால் ஏறத்தாழ ரூ.4,860. மூன்று ஆண்டுகள் முடிந்து ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது வித்தியாசம் ரூ.1,322, வரியுடன் ரூ.1,560. இத்தொகை பெரிதல்ல என்று தோன்றலாம். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் காரை வைத்திருக்கும் குடும்பத்துக்கு, கூட்டிப் பார்த்தால் அது நல்ல டயர்கள் நான்கு வாங்கும் தொகையை நெருங்கும்.

எஞ்சினின் கொள்ளளவை வைத்துக் கட்டணம் வகுக்கும் இந்த முறை எங்கிருந்து வந்தது? இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகள் 2002 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோதும் இதே 1,000, 1,500 சி.சி. எல்லைகள்தாம் இருந்தன. அக்காலத்துச் சாலைகளை நினைவுகூர்ந்தால் அதன் நியாயம் புரியும். 796 சி.சி. மாருதி 800 ஒரு புறம், 1,089 சி.சி. பிரீமியர் பத்மினியும் 1,489 சி.சி. அம்பாசிடரும் மறுபுறம். கொள்ளளவு கூடினால் காரின் எடையும் கூடும், ஆற்றலும் கூடும், விலையும் கூடும். ஒன்றைச் சொன்னால் மற்ற மூன்றையும் ஊகித்துவிடலாம் என்ற காலம் அது. பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அலுவலக எழுத்தர் ஒரு நிமிடத்தில் கட்டணத்தைச் சொல்லிவிடலாம் என்ற வசதியும் இருந்தது.

அந்த ஊகம் இன்று செல்லுபடியாகவில்லை. டர்போ எஞ்சின்கள் அதை உடைத்துவிட்டன. மாருதியின் ஃபிராங்க்ஸ் காரில் 1,197 சி.சி. எஞ்சின் சுமார் 90 குதிரைத் திறன் தருகிறது, 998 சி.சி. டர்போ எஞ்சின் சுமார் 100 தருகிறது. ஹூண்டாயின் ஐ20 காரில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது: 1,197 சி.சி. எஞ்சின் 80-களில் நிற்க, என் லைன் வகையில் வரும் 998 சி.சி. டர்போ 120-ஐத் தொடுகிறது. வேகமாகச் சீறும் கார் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு ரூ.2,094 செலுத்துகிறது, சாதுவான கார் ரூ.3,416 செலுத்துகிறது. நிசான் மேக்னைட்டின் இரு பெட்ரோல் எஞ்சின்களும் 999 சி.சி.தான். ஒன்று சுமார் 72, மற்றது சுமார் 100 குதிரைத் திறன் என்றாலும் இரண்டுக்கும் கட்டணம் ஒன்றே.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டுச் சிறிய கார்களில் 1,197, 1,199 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள்ளும், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள்ளும் அடங்கும் எஞ்சினும் இருந்தால்தான் அது வரிச் சட்டத்தின் பார்வையில் சிறிய கார். 2006-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் உற்பத்தி வரிக்காக வந்த இந்த எல்லை இன்று ஜி.எஸ்.டி. வரை தொடர்கிறது. ஆக, வரிக்குச் சிறியதாக இருக்கும் 1,197 சி.சி. கார், காப்பீட்டுக்குச் சிறியதாக இல்லை. அரசின் ஒரு துறை 1,200-இல் கோடு கிழிக்கிறது, இன்னொரு துறை 1,000-இல் கிழிக்கிறது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நாட்டின் பெரும்பாலான சிறிய கார்கள் நிற்கின்றன.

இனி, சொந்தச் சேதக் காப்பீட்டைப் பார்ப்போம். விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றால் நம் காருக்கே ஏற்படும் இழப்புக்கானது இது. 2007 ஜனவரி 1 முதல் இதன் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்டுவிட்டது. என்றாலும், பழைய விதிகளின் சதவீதங்களை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன் மேல் தள்ளுபடி தரும் வழக்கம் நீடிக்கிறது. சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் 'அ' மண்டலம். மற்ற ஊர்கள் அனைத்தும் 'ஆ' மண்டலம். 'அ' மண்டலத்தில் ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட காருக்கு, 1,000 சி.சி. வரை காப்பீட்டு மதிப்பில் 3.127 சதவீதம்; 1,500 சி.சி. வரை 3.283 சதவீதம்; அதற்கு மேல் 3.447 சதவீதம். மதுரையிலோ திருச்சியிலோ பதிவான காருக்கு இவை சற்றே குறைந்து 3.039, 3.191, 3.351 சதவீதங்களாகும்.

இந்தச் சதவீதங்களுக்கிடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னையில் 998 சி.சி. காரின் காப்பீட்டு மதிப்பு ரூ.5,50,000 என்றும், அதன் 1,197 சி.சி. உடன்பிறப்பின் மதிப்பு ரூ.6,00,000 என்றும் கொள்வோம். முதலாவதற்கு அடிப்படைக் கட்டணம் ரூ.17,198, இரண்டாவதற்கு ரூ.19,698. வித்தியாசம் ரூ.2,500. இதில் எஞ்சின் படிநிலை மாறியதால் வந்தது ரூ.936 மட்டுமே. எஞ்சியது காரின் விலை கூடியதால் வந்தது. நிறுவனம் 60 சதவீதம் தள்ளுபடி தருவதாக வைத்துக்கொண்டால் மொத்த வித்தியாசமே ஆயிரம் ரூபாய்க்குச் சுருங்கிவிடும். மூன்றாம் நபர் காப்பீட்டின் ரூ.4,119-ஐயும் சேர்த்தால், முதல் நாளில் பெரிய எஞ்சினுக்காகக் கூடுதலாகச் செலுத்துவது வரி உட்பட ஏறத்தாழ ரூ.6,040. சொந்தச் சேதக் காப்பீட்டில் விலையே பேசுகிறது, எஞ்சின் முணுமுணுக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டில் எஞ்சின் மட்டுமே பேசுகிறது.

டர்போ வகைகளில் இந்த இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. 1.2 லிட்டர் காரின் மதிப்பு ரூ.8 லட்சம், டர்போ காரின் மதிப்பு ரூ.10 லட்சம் என்று ஒரு கணக்கு வைப்போம். பாதித் தள்ளுபடிக்குப் பின் சொந்தச் சேதக் கட்டணம் முறையே ரூ.13,132, ரூ.15,635. டர்போவுக்கு ரூ.2,503 அதிகம். மூன்றாம் நபர் காப்பீட்டில் ஆண்டுக்குச் சராசரியாக ரூ.1,373 மிச்சமானாலும், வரிக்கு முன் ரூ.1,130 அளவுக்கு டர்போ காருக்கே செலவு கூடுதல். இத்துடன் பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

காருக்கு வயதாகும்போது கணக்கு புரள்கிறது. காப்பீட்டு மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. ஐந்தாம் ஆண்டு முடிவில் அது பாதியாகிவிடும். அதற்குப் பிறகு நிறுவனமும் உரிமையாளரும் ஒப்புக்கொள்ளும் மதிப்புதான். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான 'நோ கிளெய்ம் போனஸ்' 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தால் 50 சதவீதத்தை எட்டுகிறது. ஆனால், இந்தத் தேய்மானமும் போனஸும் சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டுமே உரியவை. மூன்றாம் நபர் கட்டணம் புதுக் காருக்கும் பழைய காருக்கும் ஒன்றுதான். எட்டு ஆண்டுப் பழைய 1.2 லிட்டர் காரின் மதிப்பு ரூ.2 லட்சம், அதே வயது டர்போவின் மதிப்பு ரூ.2.5 லட்சம் என்போம். ஐந்து முதல் பத்து ஆண்டு வரையிலான கார்களுக்கு உரிய 3.447, 3.283 சதவீதங்களைப் பொருத்தி, 50 சதவீத போனஸைக் கழித்தால், முறையே ரூ.3,447, ரூ.4,104 வருகிறது. மூன்றாம் நபர் கட்டணத்தைக் கூட்டினால் 1.2 லிட்டர் காருக்கு ரூ.6,863, டர்போவுக்கு ரூ.6,198. விலை உயர்ந்த, வேகம் மிகுந்த கார் இப்போது மலிவாகிவிட்டது. பழைய கார் வாங்குவோர், அதாவது கையில் பணம் குறைவாக உள்ளோர்தாம், இந்தப் படிநிலையின் பாரத்தை முழுமையாகச் சுமக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கின் உட்பொருள்.

டீசல் காருக்குக் காப்பீடு அதிகம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. விதிகளில் எரிபொருளுக்கென்று தனிப் படிநிலை கிடையாது. டாடா நெக்ஸானின் 1,199 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் 1,497 சி.சி. டீசல் எஞ்சினும் ஒரே படிநிலையில் அடங்குவதால் மூன்றாம் நபர் கட்டணம் இரண்டுக்கும் ரூ.3,416தான். டீசல் காரின் விலை அதிகம் என்பதால் சொந்தச் சேதக் கட்டணம் அதிகமாகிறது. தவிர, நிறுவனங்கள் தம் இழப்பீட்டு அனுபவத்தை வைத்து டீசல் வகைக்குத் தள்ளுபடியைக் குறைக்கவும் கூடும். டீசல் எஞ்சின்கள் 1,493, 1,497 என்று 1,500-ஐத் தொடாமல் நிற்பதால், ரூ.7,897 என்ற மூன்றாம் படிநிலை சிறிய கார்க்காரர்களை அண்டுவதில்லை. விபத்து நேரும்போது உரிமையாளர் கையிலிருந்து ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கும் 1,500 சி.சி. வரை ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000 என்றே உள்ளது.

சி.என்.ஜி. விஷயத்தில் தொகை சிறிது. கவனக்குறைவின் விலை பெரிது. பழைய கட்டண விதிப்படி எரிவாயுக் கலத் தொகுப்பின் மதிப்பில் 4 சதவீதம் சொந்தச் சேதத்திலும், ரூ.60 மூன்றாம் நபர் பகுதியிலும் கூடும். ரூ.50,000 மதிப்புள்ள தொகுப்புக்கு இது ரூ.2,060தான். இதை மிச்சப்படுத்த எண்ணி, வெளியிடத்தில் பொருத்திய சி.என்.ஜி. தொகுப்பைப் பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டு ஆவணத்திலும் சேர்க்காமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. தீ விபத்து ஏற்பட்டால் மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது அந்தப் பதிவைத்தான். பதிவு இல்லையென்றால் தொகுப்புக்கு மட்டுமல்ல, காருக்கே இழப்பீடு மறுக்கப்படும் நிலை வரலாம்.

மின்சாரக் கார்களுக்கு அதே அரசு அட்டவணையில் வேறு அளவுகோல். அங்கே சி.சி. இல்லை, கிலோவாட் உண்டு. 30 கிலோவாட் வரை ரூ.1,780, 65 கிலோவாட் வரை ரூ.2,904, அதற்கு மேல் ரூ.6,712. பெட்ரோல் கட்டணத்தில் 15 சதவீதம் குறைத்துக் கிடைத்த எண்கள் இவை. டாடா டியாகோ பெட்ரோல் கார் 1,199 சி.சி. என்பதால் ரூ.3,416, டியாகோ மின்சாரக் காரின் 45, 55 கிலோவாட் வகைகள் இரண்டும் நடுப் படிநிலையில் ரூ.2,904. மிச்சம் ரூ.512. ஆனால், மின்சாரக் கார் ரூ.3 லட்சம் விலை கூடுதல் என்றால், சுமார் 3.2 சதவீதக் கணக்கில் சொந்தச் சேதக் கட்டணம் தள்ளுபடிக்கு முன் ரூ.9,600 கூடிவிடும். அரசு ஒரு கையால் கொடுத்த சலுகையை விலை இரு கைகளாலும் வாங்கிக்கொள்கிறது.

சென்னைவாசிகள் ஒதுக்கிவிட முடியாத இன்னொரு செலவு எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. தண்ணீரில் நின்ற காரைப் பதற்றத்தில் இயக்கிப் பார்த்தால் நீர் சிலிண்டருக்குள் புகுந்து உட்பாகங்களை வளைத்துவிடும். வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் வேறு, இயக்கியதால் பின்விளைவாக வந்த சேதம் வேறு என்று அடிப்படைக் காப்பீடு பிரித்துப் பார்க்கிறது. இரண்டாவதற்கு இழப்பீடு கிடைப்பதில்லை. இந்தக் கூடுதல் காப்பீட்டின் கட்டணம் பெரும்பாலும் காரின் மதிப்பை ஒட்டியே அமைகிறது. டர்போவும், உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டரும் கொண்ட டீசலும் பழுதானால் ஆகும் செலவு, எளிய பெட்ரோல் எஞ்சினைவிட மிக அதிகம். ஆகவே, தாழ்வான பகுதியில் வசிக்கும் டர்போ, டீசல் உரிமையாளர்கள் இதை வாங்காமல் இருப்பது சிக்கனம் ஆகாது. மின்சாரக் காருக்கு இதே இடத்தில் பேட்டரித் தொகுப்புக்கான பாதுகாப்பு வருகிறது.

மூன்றாம் நபர் காப்பீட்டுக்குத் திரும்புவோம். கொள்கை அளவில் கேள்வி எழுவது அங்கேதான். விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழங்கும் தொகை, அவருடைய வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மோதிய காரின் சி.சி. அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. ஒரு வகைக் கார்கள் எத்தனை விபத்துகளுக்குக் காரணமாகின்றன என்பதற்கான ஒரு தோராயமான அடையாளமாகவே சி.சி. பயன்படுகிறது. அடையாளம் பொருளை விட்டு விலகிவிட்டால் அதை மாற்றுவதுதானே முறை? சொந்தச் சேதப் பகுதியில் ஓட்டிய தூரத்துக்கேற்ப, ஓட்டும் விதத்துக்கேற்பக் கட்டணம் வசூலிக்க 2022-இல் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் அனுமதி தந்துவிட்டது. மின்சாரக் கார்களுக்குக் கிலோவாட் அளவுகோலும் வந்துவிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் மட்டும் அம்பாசிடர் காலத்து அளவுகோலில் நிற்கின்றன.

உடனே எல்லோருக்கும் கிலோவாட் என்று மாற்றினால், 998 சி.சி. டர்போவைக் கணக்குப் பார்த்து வாங்கியவர்கள் திடீரெனக் கூடுதல் கட்டணம் செலுத்த நேரும். புதிதாகப் பதிவாகும் கார்களுக்கு மட்டும் அதை அறிமுகப்படுத்துவதே நியாயம். அதைவிட அவசரமானது, பழைய சிறிய கார்களின் நிலை. புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்ற உத்தரவு 2018 ஜூலையில் உச்சநீதிமன்றத்தால் பிறப்பிக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் மருத்துவர் எஸ். ராஜசேகரன். முதல் ஆண்டுக்குப் பிறகு காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிடும் வழக்கத்தால், விபத்தில் சிக்கியவர்கள் இழப்பீடு இன்றி நிற்கிறார்கள் என்பதே அந்த உத்தரவின் பின்னணி. மூன்று ஆண்டுகளுக்கு அது தீர்வு தந்தது. நான்காம் ஆண்டு முதல் பழைய கதைதான். ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள பழைய 1,197 சி.சி. காருக்கு ரூ.3,416-உடன் வரியும் செலுத்த வேண்டியவர் புதுப்பிப்பதைத் தள்ளிப்போடுகிறார். முதல் முறை பிடிபட்டால் அபராதம் ரூ.2,000 என்னும்போது, கட்டணத்தைவிட அபராதம் மலிவாகிவிடுகிறது! இந்த விந்தையைச் சரிசெய்யாமல் எத்தனை வாகனச் சோதனைகள் நடத்தினாலும் பயன் குறைவே. வரிச் சட்டம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட 1,200 சி.சி. எல்லையையே காப்பீட்டின் முதல் படிநிலைக்கும் வைத்தால், சாலையில் ஓடும் பெரும்பாலான சிறிய பெட்ரோல் கார்கள் ஒரே கட்டணத்துக்குள் வந்துவிடும். அதனால் குறையும் வருவாயை மேல் படிநிலைகளில் பங்கிடுவது கணக்காளர்களுக்குக் கடினமான வேலை அல்ல.

அதுவரை, வாங்குபவர் தம் அளவில் செய்யக்கூடியவை உள்ளன. விற்பனை நிலையத்தின் வழியாகத்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கட்டணத்தை மூன்றாம் நபர், சொந்தச் சேதம், கூடுதல் பாதுகாப்புகள், வரி என்று பிரித்துத் தரச் சொன்னால், முதலாவது எங்கு வாங்கினாலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பேரம் பேச வேண்டியது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். தள்ளுபடியைப் பெரிதாகக் காட்டுவதற்காகக் காப்பீட்டு மதிப்பைக் குறைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். கார் திருட்டுப் போனால் கையில் கிடைப்பது அந்த மதிப்புதான். இணையத்தில் புதுப்பிக்கும்போது கார் வகையைத் தேர்வு செய்யும் இடத்தில் ஒரே பெயரில் 1.0, 1.2 என இரண்டும் அடுத்தடுத்து வரும். அவசரத்தில் குறைந்த கட்டணம் காட்டும் வகையைச் சொடுக்கிவிட்டால், விபத்து நேர்ந்த நாளில்தான் அந்தத் தவறு வெளிப்படும். பதிவுச் சான்றிதழில் உள்ள எண் 998-ஆ, 1,197-ஆ என்று பார்த்து, காப்பீட்டு ஆவணத்திலும் அதே எண் இருப்பதை உறுதிசெய்த பிறகே பணம் செலுத்த வேண்டும்.